எத்தனை நாள் உழைக்கும்?

1

செருப்பு வாங்கும்போது 'எத்தனை நாள் உழைக்கும்?' என்று கேட்கிறோம். குடை உழைக்கிறது, பாய் உழைக்கிறது, சைக்கிள் டயர் உழைக்கிறது. 'அப்பா காலத்து மிக்ஸி, இன்னமும் உழைச்சுக்கிட்டு இருக்கு' என்கிறோம். ஒரு பொருள் நீடித்திருப்பதைச் சொல்ல நம்மிடம் வேறு சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பேச்சில் முந்திக்கொண்டு வருவது மனிதர் படும் பாட்டைக் குறிக்கிற இந்தச் சொல்தான். பொருள் சும்மா இருந்து நீடிப்பதில்லை, பாடுபட்டு நீடிக்கிறது என்பது மொழிக்குத் தெரிந்திருக்கிறது. பாடுபடுவது தேயும் என்பதும் தெரிந்திருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

'தேய்மானம்' என்ற சொல்லின் கதை இன்னும் சிக்கலானது. பழைய நகையை மாற்றப் போனால் கடைக்காரர் தேய்மானம் கழிக்கிறார். நஷ்டம் அதைப் போட்டிருந்த பெண்ணுக்கு. ஆலையின் கணக்கை எழுதும் ஆடிட்டரும் தேய்மானம் கழிக்கிறார். லாபத்திலிருந்து அது கழிவதால் வரி குறைகிறது, ஆதாயம் முதலாளிக்கு. பொதுவான யந்திரங்களுக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் என்று வருமான வரி விதிகளே வகுத்துத் தந்திருக்கின்றன. உராய்ந்து குறைவது என்ற பௌதிக நிகழ்வு இரண்டிலும் ஒன்றுதான். அந்தக் குறைவை யார் தலையில் எழுதுவது என்பதைப் பொருள் தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள உறவுகள் தீர்மானிக்கின்றன.

இதைப் பேச இங்கே எடுத்துக்கொள்ளும் பொருள் அற்பமானது: வீடியோ கேம் ஆடுகிறவர் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர். அற்பம் என்பதாலேயே அது வசதியானது. அதன் வேலை விளையாட்டு மட்டும். அதைத் தேய்ப்பது மனித விரல் மட்டும். அதன் ஆயுள் எவ்வளவு என்ற கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தைத் தாண்டித் தண்டலத்தில் நின்று பார்த்தால் இந்தப் பொருளின் இரு முனைகளும் ஒரே இடத்தில் தெரியும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு பக்கம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் இன்னொரு பக்கம். பட்டனை அழுத்தி விளையாடும் விரலுக்கும் மின்னணுச் சாமானைப் பொருத்தும் விரலுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

2

கன்ட்ரோலர் இரண்டே காரியம் செய்கிறது. 'உண்டா, இல்லையா' என்று சொல்வது பட்டனின் வேலை. 'எவ்வளவு, எந்தப் பக்கம்' என்று சொல்வது கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக்கின் வேலை. இரண்டும் தேயும் விதம் வேறு.

பட்டனுக்குக் கீழே ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. குமிழின் அடியில் சின்னதாக ஒரு கரி வில்லை. அழுத்தினால் வில்லை சர்க்யூட் போர்டில் உள்ள இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கிறது. விட்டால் ரப்பர் எழும்பிக்கொள்கிறது. டிவி ரிமோட்டிலும் இதே ஏற்பாடுதான். 1983இல் ஜப்பானில் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் முதல் தொகுதிக் கன்ட்ரோலர்களில் பட்டன்கள் சதுரமான ரப்பரால் ஆனவை. அழுத்தினால் ஓரத்தில் சிக்கிக்கொண்டு எழும்பாமல் நின்றன. பிறகு வட்டமான பிளாஸ்டிக் பட்டன்களாக மாற்றினார்கள். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் காசெட் செருகி ஆடிய 'டிவி கேம்' பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஃபேமிகாமின் நகல்கள். அவற்றில் பட்டன் வேலை செய்யாமல் போனால் என்ன செய்தோம்? பெட்டியைத் திறந்து, கரி வில்லையில் பென்சில் முனையைத் தேய்த்தோம், அல்லது சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை வெட்டி ஒட்டினோம். மறுபடி உழைத்தது. பட்டனின் நோய் வெளிப்படையானது, மருந்து கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

ஸ்டிக் அப்படியல்ல. பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வளைவான ஒரு கரித்தடம். அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஓர் உலோக நாக்கு. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை மாறுகிறது, சத்தம் மாறுகிறது. வருஷக்கணக்கில் திருகினால் தடம் தேய்ந்து, தூசி சேர்ந்து 'கரகர' என்று கத்தும். இன்றைய கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றின் ஸ்டிக்குக்குள் இருப்பது இதே ஜாதிக் கருவிதான்: இடம் - வலத்துக்கு ஒன்று, மேல் - கீழுக்கு ஒன்று. ரேடியோக் குமிழை நாளைக்கு நாலு தடவை திருகினோம். ஸ்டிக்கை நிமிஷத்துக்கு எண்பது தடவை ஆட்டுகிறோம்.

தேய்ந்தால் என்ன ஆகிறது? விரலை எடுத்த பிறகும் திரையில் இருப்பவன் தானாக நடக்கிறான். கேமரா மெல்ல ஒரு பக்கம் திரும்புகிறது. 'டிரிஃப்ட்' என்கிறார்கள். ஸ்டிக்கை ஸ்ப்ரிங் ஒவ்வொரு முறையும் நடுவுக்கே இழுத்துவிடுகிறது; ஆகவே தடத்தில் அதிகம் உரசப்படுகிற இடம் நடுவேதான். கரி பொடியாகிறது, ஸ்ப்ரிங் தளர்கிறது, 'நான் நடுவில் இருக்கிறேன்' என்று கருவி சொல்லும் எண் மாறிவிடுகிறது. மையம் என்பது நிலையானதல்ல என்று பக்கம் பக்கமாக எழுதிய சிற்றிதழ்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பரவலாகப் பயன்படும் ஒரு வகை ஸ்டிக்குக்கு அதைச் செய்கிறவர்கள் தரும் ஆயுள் 20 லட்சம் அசைவுகள், உள்ளே அழுத்துவதற்கு 5 லட்சம் தடவை. எண் பெரிதாகத் தெரிகிறது. நிமிஷத்துக்கு 80 என்று வைத்தால் 25,000 நிமிஷம். அதாவது சுமார் 417 மணி நேரம். தினமும் இரண்டு மணி ஆடுகிற கல்லூரிப் பையனுக்கு ஏழு மாசம். அதற்கப்புறமும் அது ஓடலாம். ஆனால் அதைச் செய்தவர் கொடுத்த வாக்கு அங்கே முடிந்துவிடுகிறது.

பட்டன் நீடிப்பதற்கும் ஸ்டிக் நீடிக்காததற்கும் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. 'உண்டா, இல்லையா' என்று மட்டும் சொல்கிற உறுப்பு பாதி தேய்ந்தாலும் முழு உண்மையைச் சொல்கிறது. 'எவ்வளவு' என்று அளந்து சொல்கிற உறுப்பு கொஞ்சம் தேய்ந்தாலே பொய் சொல்லத் தொடங்குகிறது.

3

தேயாத ஸ்டிக் செய்ய முடியாதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. முடியும், எப்போதோ செய்துவிட்டார்கள். காந்தப்புலத்தால் மின்னழுத்தம் மாறுவதை எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்தார். ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தத்தை வைத்து, அதன் அசைவை எட்ட இருந்தே ஓர் உணர்கருவியால் அளந்தால், அளக்கிற இடத்தில் உராய்வே இல்லை. சேகா கம்பெனி 1996இல் சாட்டர்ன் பெட்டிக்கான ஒரு கன்ட்ரோலரிலும், 1998இல் டிரீம்காஸ்ட்டிலும் இந்த முறையைப் பயன்படுத்தியது. அதே 1996இல் வந்த நின்டென்டோ 64இன் ஸ்டிக்கோ வேறு வகை: ஒளியால் எண்ணும் சக்கரம், ஆனால் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பிளாஸ்டிக் உரசும். ஆடியவர்கள் அதைத் திறந்தபோது வெள்ளைப் பொடி கொட்டியது. ஆக, தேய்கிற வழியும் தேயாத வழியும் ஒரே காலத்தில் சந்தையில் இருந்தன. பெரிய கம்பெனிகள் பிற்பாடு போய்ச் சேர்ந்த இடம் கரித்தடம்.

இதைச் சதி என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். சதிக்கு முன்னுதாரணமும் உண்டு: 1924இல் மின்விளக்குக் கம்பெனிகள் ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்து, பல்பின் ஆயுளை 1,000 மணி என்று குறுக்கிப் பிடித்தன. ஆனால் கன்ட்ரோலரில் அப்படி யாரும் ரகசியமாகக் கூடி ஒப்பந்தம் போட வேண்டிய அவசியமே இல்லை. மலிவான உறுப்பை வாங்குகிறவர் மிச்சத்தை இன்றைக்கே தன் கணக்கில் காண்கிறார். தேய்மானச் செலவு இரண்டு வருஷம் கழித்து, வேறொருவர் கணக்கில் வருகிறது. சதியைவிட இந்தத் தூரம் திறமையாக வேலை செய்கிறது.

தூரத்தைக் குறைக்க முயன்ற வரலாறும் இருக்கிறது. நின்டென்டோ ஸ்விட்ச் 2017இல் வந்தது. அதன் ஜாய்-கான் ஸ்டிக்குகள் தானாக நகர்கின்றன என்று 2019இல் அமெரிக்காவில் கூட்டு வழக்கு. 2020இல் கம்பெனித் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். 2023இல் ஐரோப்பிய ஆணையத்தோடு ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, உத்தரவாதக் காலம் தாண்டினாலும் அங்கே இலவசமாகப் பழுது பார்க்க ஒப்புக்கொண்டது. கவனியுங்கள், 'அங்கே'. ஒரே ஸ்டிக், ஒரே தேய்மானம்; நுகர்வோர் அமைப்பு வலுவாக உள்ள நிலத்தில் அது கம்பெனியின் செலவு, மற்ற இடத்தில் ஆடுகிறவனின் செலவு. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2லும் ஹால் முறை ஸ்டிக் இல்லை. சோனி 2023இல் வெளியிட்ட விலையுயர்ந்த டூயல்சென்ஸ் எட்ஜில் ஸ்டிக் பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். மாற்றுப் பகுதி தனியாக விற்கப்படுகிறது. தேயும் என்று ஒப்புக்கொள்வதும் ஒரு சரக்காகிவிட்டது.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு: கருவி தேயும்போது கையும் தேய்கிறது. 1990இல் 'நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு மருத்துவர், பட்டனை விடாமல் அழுத்தியதால் கட்டைவிரல் தசைநாரில் வந்த வலிக்கு 'நின்டென்டினைட்டிஸ்' என்று பெயர் வைத்துக் கடிதம் எழுதினார். நின்டென்டோ 64க்கு வந்த 'மாரியோ பார்ட்டி' விளையாட்டில் ஸ்டிக்கை வேகமாகச் சுழற்ற வேண்டிய பகுதிகள் இருந்தன. பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துச் சுழற்றித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டார்கள். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்டதில், 2000இல் கம்பெனி ஒரு சமாதானத்துக்கு வந்தது: வேண்டுவோருக்குக் கையுறை கொடுப்பது. விளையாட்டுச் சாமானோடு கையுறை! சிரிப்பாக இருந்தாலும், தேய்கிற கைக்கு யார் பொறுப்பு என்று ஒரு மாநிலம் கேட்டது, கம்பெனி பதில் சொன்னது.

4

கன்ட்ரோலர் என்றால் நமக்கு எது? நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் முதன்முதலாக வீடியோ கேம் ஆடியது டிவி முன்னால் உட்கார்ந்து அல்ல. கைப்பேசியின் 2, 4, 6, 8 பொத்தான்களில். நோக்கியா 1997இல் 6110 மாடலில் வைத்த பாம்பு விளையாட்டு, பிற்பாடு அதன் மலிவு மாடல்கள் வழியாக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. ஆகவே தமிழ்நாட்டின் வெகுஜனக் கன்ட்ரோலர் நோக்கியா கீபேட்தான் என்று சொல்வது மிகையாகாது.

அது நன்றாக உழைத்தது. காரணங்கள் தெளிவானவை. பொத்தானுக்கு அடியில் மெல்லிய எஃகுக் குமிழ். அழுத்தினால் 'டிக்' என்று மடங்கி நிமிரும். 'உண்டா, இல்லையா' வகை. 2003இல் வந்த 1100 மாடலில் கீபேட் முழுவதும் ஒரே துண்டு ரப்பர். பொத்தான்களுக்கு நடுவே சந்து இல்லாததால் தூசியும் வியர்வையும் சுலபத்தில் இறங்கவில்லை. இறங்கினாலும் நாலைந்து ஸ்க்ரூவைக் கழற்றி, சில ரூபாய்க்கு வேறு கீபேட் போட்டுத்தரப் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை இருந்தது. அளக்காத உறுப்பு, மூடிய உடல், மாற்றக்கூடிய பாகம்: நீடித்த ஆயுளுக்கு இந்த மூன்றும் போதும்.

அந்தக் கைப்பேசிகளைச் செய்த ஆலைகளில் ஒன்று தண்டலத்திலிருந்து அதே நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் இருந்தது. 2005இல் மாநில அரசோடு ஒப்பந்தம். 2006 தொடக்கத்தில் உற்பத்தி. உச்சத்தில் சுமார் 8,000 நேரடித் தொழிலாளர்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். 2013இல் சுமார் 2,000 கோடி ரூபாய் வருமான வரிப் பிரச்சினையில் ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் பேரத்துக்கு வெளியே நின்றது. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பெரும்பாலோர் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஒன்பது வருஷம்கூட ஓடவில்லை.

யந்திரம் எதுவும் தேய்ந்து நிற்கவில்லை. கைகளும் தேய்ந்துவிடவில்லை, பலருக்கும் இருபதுகளின் நடுவயது. 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) யந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ், பௌதிகத் தேய்மானத்தோடு 'தார்மீகத் தேய்மானம்' என்ற ஒன்றையும் சேர்த்துப் பேசுகிறார்: யந்திரம் புதுசாகவே இருக்கும், ஆனால் அதைவிட மலிவானதோ மேலானதோ வந்துவிட்டதால் அதன் மதிப்பு போய்விடும். பொத்தான் கைப்பேசியின் இடத்தைத் தொடுதிரை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. வரி வழக்கு ஆலையைச் சாய்த்தது என்பது உண்மை. சாய்ந்ததை நிமிர்த்திப் பிடிக்க யாருக்கும் அவசரம் இல்லாமல் போனதற்குக் காரணம் இந்தத் தார்மீகத் தேய்மானம். 2017இல் 3310 மாடலைப் புதுப்பித்து மறுபடி விற்றார்கள். 'உடையவே உடையாத போன்' என்ற பழம்பெருமை பிராண்டின் சொத்தாகக் கூடவே வந்தது. அந்தப் பெருமையில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பங்கு கிடைக்கவில்லை. 2019இல் அந்த ஆலையைச் சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று அறிவிப்பு வந்தது. கட்டடத்துக்கு மறுபிறவி கிடைத்தது.

5

கைக்கு?

பட்டனுக்கு ஆயுள் குறிப்பது எப்படி என்பதைப் பார்ப்போம். ஒரு யந்திர விரல் அதை ராத்திரி பகலாக அழுத்திக்கொண்டே இருக்கும். எத்தனையாவது அழுத்தலில் தவறுகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண் பொருளின் விவரத்தாளில் அச்சாகும். அதைப் பொருத்துகிற விரலுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. ஒரு கணக்குக்காகப் போட்டுப் பார்க்கலாம். அசெம்ப்ளி வரிசையில் நிமிஷத்துக்கு ஒரு துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மணிக்கட்டு ஐந்து தடவை ஒரே மாதிரி திரும்புகிறது, இடைவேளை போக 450 நிமிஷம், வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 6,75,000. ஸ்டிக்குக்குக் குறித்த அந்த 20 லட்சத்தை இந்தக் கை மூன்று வருஷம் நிறைவதற்குள் எட்டிவிடும்.

தொழிற்பயிற்சி என்ற பெயரில் இளைஞர்களை ஆலைகளுக்கு அனுப்பி, பிற்பாடு கைவிடப்பட்ட 'நீம்' திட்டத்தில் (2013) பயிற்சிக் காலத்தின் உச்சவரம்பு 36 மாதம். இந்த ஒற்றுமை நான் எடுத்துக்கொண்ட எண்களால் வந்தது. இதை நிரூபணமாக முன்வைக்கவில்லை. ஆனால் குறுகிய கால ஒப்பந்தம், டிரெயினி, அப்ரன்டிஸ் என்ற ஏற்பாடுகள் ஒரு காரியத்தைச் சாதித்துவிடுகின்றன. வலி தொடங்குகிற நேரத்தில் அந்தக் கை ஆலைக்குள் இருக்காது. செய்யாற்றிலோ திருவண்ணாமலைப் பக்கமோ, கல்யாணமாகிப் போன வீட்டில், குடம் தூக்கும்போது அது வலிக்கும். 'கை விட்டுப்போச்சு' என்று தைலம் தேய்ப்பார்கள். கன்ட்ரோலரில் பார்த்த அதே தூரம்: மிச்சம் இங்கே, இன்றைக்கு, செலவு வேறெங்கோ, பின்னால்.

சட்டமும் இந்தத் தூரத்துக்கு ஒத்தாசை செய்தது. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தெரிவித்தாக வேண்டிய தொழில்சார் நோய்களை வரிசைப்படுத்தியது. ஈய நஞ்சு இருந்தது, சிலிகோசிஸ் இருந்தது, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை இருந்தது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் வரும் நோய் அதில் இல்லை. 2010இல் அந்தக் கைப்பேசி ஆலையில் ஒரு பெண் தொழிலாளி யந்திரத்தில் சிக்கி இறந்தபோது அது செய்தியானது, போராட்டமானது. விபத்துக்குத் தேதி உண்டு. தேய்மானத்துக்குத் தேதி கிடையாது. அதனால் அது செய்தியாவதில்லை.

ஒரு முக்கியமான வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. கரித்தடம் தேய்ந்தால் தேய்ந்ததுதான். கை அப்படியல்ல, விட்டுவிட்டால் தன்னைத்தானே ரிப்பேர் செய்துகொள்ளும். அதற்கு வேண்டிய ஒரே உதிரி பாகம் ஓய்வு. மாணவனின் கட்டைவிரலும் தொழிலாளியின் கட்டைவிரலும் ஒரே தசைநாரால் ஆனவை. வலித்தால் அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடலாம். அவள் வரிசையை நிறுத்த முடியாது. விளையாட்டையும் வேலையையும் பிரிப்பது அசைவு அல்ல, நிறுத்துகிற உரிமை.

தார்மீகத் தேய்மானத்துக்குப் பயந்த முதலாளி, யந்திரம் செல்லாக்காசாவதற்குள் அதிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேலை நேரத்தை நீட்டுவான் என்பது மார்க்ஸின் வாதம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அன்று காப்பாற்றப்பட்டது நாலு மணி நேரம் மட்டுமல்ல, கையின் உதிரி பாகம்.

6

பொருள் நீடிக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இன்று ஒரு பெயர் இருக்கிறது: பழுதுபார்க்கும் உரிமை. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. ஸ்டிக்கைக் கழற்ற முடிய வேண்டும், உதிரி பாகம் கிடைக்க வேண்டும், தேய்மானச் செலவில் செய்தவருக்கும் பங்கிருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். பென்சிலும் வெள்ளித்தாளும் வைத்திருந்த அந்தப் பழைய ரிப்பேர்க்காரர் எந்தச் சட்டமும் இல்லாமலே இந்த உரிமையை நடத்திக்காட்டினார்.

ஆனால் இந்தச் சொல்லாடல் நுகர்வோரோடு நின்றுவிடுகிறது. வாங்கியவருக்குப் பழுதுபார்க்கும் உரிமை உண்டு என்றால் செய்தவருக்கும் உண்டு. கன்ட்ரோலருக்கு உதிரி பாகம் கேட்பதும் கைக்கு ஓய்வு கேட்பதும் இரண்டு கோரிக்கைகள் அல்ல. தேய்மானத்தைத் தூரத்துக்குத் தள்ளிவிடாதே என்ற ஒரே கோரிக்கையின் இரு முனைகள். விவரத்தாளில் 20 லட்சம் என்று அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, அதைப் பொருத்தும் மணிக்கட்டு ஒரு ஷிப்டில் எத்தனை தடவை திரும்புகிறது, எத்தனை மணிக்கு ஒருமுறை நிற்கிறது என்று எழுதி ஆலை வாசலில் ஒட்டுவது பெரிய வேலை இல்லை. தொழிற்சங்கங்கள் கூலியோடும் போனஸோடும் இந்த எண்ணையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கலாம். எண்ணிக் காட்டாத தேய்மானத்துக்கு யாரும் இழப்பீடு தரப்போவதில்லை.